ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிக்குமா என்று முன்னாலேயே சொன்னார்களா? குடல் புற்றுநோய் வீடுகளின் அனுபவங்கள்

தொண்டி மகன்:

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் மதுரையில். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பயிற்சி டாக்டர் வந்தார். வயது, எடை, சர்க்கரை, பீடிப் பழக்கம், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனில் தட்டினார். "புண்ணில் சீழ் பிடிக்கிற வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "வயித்துல அஞ்சுல ஒரு பங்கு சீழ் பிடிச்சிருமாப்பா?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்பா விசைப்படகில் போனவர். ஒல்லியான உடம்பு, அதுவும் நோய் வந்தபிறகு இன்னும் இளைத்துவிட்டார். சர்க்கரை மாத்திரை கரையில் இருக்கிற நாளில்தான். பீடி எல்லா நாளும். இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு வந்திருக்கும். ஆனால் கத்தி வைப்பதற்கு முந்தின நாள் இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஆல்புமினை ஒரே ராத்திரியில் ஏற்றிவிட முடியுமா? உங்கள் வீட்டில் முன்கூட்டியே சொன்னார்களா, சொன்னதால் எதுவும் மாறியதா? எழுதுங்கள்.

கீழக்கரை லாத்தா:

எங்கள் வாப்பாவுக்கு மலக்குடலில். முதலில் கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும், அதற்கப்புறம் சில வாரம் இடைவெளி, பிறகு ஆபரேஷன். எங்களுக்கு யாரும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "கதிர்வீச்சு பட்ட சதை சீக்கிரம் ஆறாது. பின்பக்கத்துப் புண்தான் தொல்லை கொடுக்கும். இந்த இடைவெளியை வீணாக்காதீர்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டோம். மூன்று மாதச் சர்க்கரை சோதனையில் அளவு மேலே நின்றது, இன்சுலின் தொடங்கினார்கள். சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டால்தான் புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியும் என்றார்கள். துபாயில் இருந்த காலத்திலிருந்து பிடித்துவந்த பழக்கம். விட்டார் என்று சொல்ல மாட்டேன், மாடிக்குப் போய்ப் பிடிக்கிறதை மட்டும் நிறுத்தினார், ஏனென்றால் மாடியேற மூச்சு வாங்கியது. நடுவில் ரமலான் வந்துவிட்டது. நோன்பு பிடித்தே தீருவேன் என்று அடம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடித்து ஈடுசெய்துகொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஆலிம்சா வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தார்.

பின்பக்கத்துப் புண் பிரியத்தான் செய்தது. ஆனால் பிரியும் என்று தெரிந்திருந்ததால் யாரும் பதறவில்லை. உட்கார மெத்தை, கட்டு மாற்ற ஆள், எல்லாம் முன்பே ஏற்பாடாகி இருந்தது. தம்பி, நீங்கள் கேட்ட லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சொன்னது முந்தின நாள் அல்ல, அதுதான் வித்தியாசம்.

மண்டபம் சிஸ்டர்:

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி தம்பி, அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அப்பா மாதிரி உடம்பு இருக்கிற நூறு பேருக்கு இதே ஆபரேஷன் செய்தால் இருபது பேருக்குச் சீழ் பிடிக்கும். அந்த இருபதில் அப்பா ஒருவரா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1991இல் அமெரிக்காவில் வெளிவந்த முறைக்கு மூன்றே கேள்விதான். மயக்க மருந்து டாக்டர் போடும் உடல்நிலைத் தரம் (எண் ஏற ஏற உடம்பு மோசம்) மூன்று அல்லது அதற்கு மேலா? வெட்டிய இடம் அசுத்தமானதா? அந்த ஆபரேஷனுக்கென்று வைத்த நேரத்தைத் தாண்டியதா? பெருங்குடலுக்கு அந்த நேரம் மூன்று மணி. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு புள்ளி, புள்ளி ஏற ஏற ஆபத்து அதிகம். கவனியுங்கள், இதில் பாதி ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரியும். இப்போது வரும் கணக்குகள் எடை, ஆல்புமின், சர்க்கரை, ரத்தம் ஏற்றியது, அவசர ஆபரேஷனா, வயிற்றைத் திறந்தா துளை வழியாகவா என்று இன்னும் நிறையக் கேட்கும். குடல் என்றாலே கிருமி குடியிருக்கும் இடம். அதனால் முட்டியிலோ தைராய்டிலோ செய்வதைவிடக் குடலில் செய்தால் சீழ் அதிகம் பிடிக்கும், அதற்கு யார் மேலும் பழி போட முடியாது.

ஆனால் என் மனத்தில் உறுத்துவது வேறு. போனில் தட்டும் கணக்கு நோயாளியின் உடம்பையும் ஆபரேஷனின் வகையையும்தான் கேட்கிறது. தியேட்டரில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில்லை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் குடல் ஆபரேஷன் செய்த 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடம்பு குளிர்ந்துபோக விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண் தொற்று, சூடு குறையாமல் போர்த்திப் பார்த்துக்கொண்டவர்களில் 6 சதவீதம். மற்ற மருந்து எல்லாம் ஒன்றுதான், வித்தியாசம் சூடு மட்டுமே. 2022இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் இன்னொரு ஆய்வு. சில ஆஸ்பத்திரிகளில் மட்டும், வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் ஆபரேஷன் செய்கிற எல்லோரும் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள், அவ்வளவுதான். மாற்றாத இடங்களில் தொற்று 18.9 சதவீதம், மாற்றிய இடங்களில் 16. முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது, அவசியமென்றால் கிளிப்பரால் வெட்ட வேண்டும். கிருமிக்கொல்லி ஊசி வெட்டுவதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தோடு வாய்வழிக் கிருமிக்கொல்லியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2016லேயே எழுதிவிட்டது. "அப்பாவுக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று" என்று சொல்கிறவரிடம் "இதெல்லாம் செய்வீர்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் நம் ஊரில் அதிகம்.

வாலிநோக்கம் மருமகள்:

எங்கள் வீட்டில் கணக்கெல்லாம் இல்லை, பத்தியம்தான். மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து வந்ததும் அத்தை சட்டம் போட்டுவிட்டார்: மீன் இல்லை, முட்டை இல்லை, கத்திரிக்காய் இல்லை, "புண்ணு சீழ் வச்சிரும்". ரசமும் சோறும் மட்டும். கடலை ஒட்டிய ஊரில், வாசலில் பாறை மீனும் ஊளி மீனும் கூறு போட்டு விற்கிறபோது! பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பீர்கள், வயிற்றை அறுத்தவருக்கு ஏன் கூடாது என்று கேட்டேன். பதில் இல்லை. கட்டு மாற்ற வந்த நர்ஸ், சதை வளரப் புரதம் வேண்டும் என்று அத்தையிடமே சொன்னார். மறுநாள் குழம்பு கொதித்தது. நான் சொன்னபோது ஏன் கொதிக்கவில்லை என்பது வேறு கதை.

ஏர்வாடிப் பக்கம்:

சுருக்கமாக. குடல் ஆபரேஷன் செய்தபோது என் மனைவிக்கு 38 வயது. சர்க்கரை இல்லை, புகை இல்லை, எடை சரி. "உங்களுக்கு ரிஸ்க் ரொம்பக் குறைவு" என்று சொன்னார்கள். சில நாளில் காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டது. உள்ளே குடலைச் சேர்த்துத் தைத்த இடம் கசிந்திருந்தது. குறைவு என்று கேட்ட தைரியத்தில் முதல் நாள் காய்ச்சலை நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை, வார்டிலும் எடுக்கவில்லை. ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறும் அளவு) ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஸ்கேன். இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கு அந்தக் கணக்கின் மேல் கோபம் இல்லை, அதைச் சொன்ன விதத்தில்தான்.

பாம்பன்காரன்:

நான் மருத்துவம் படித்தவனில்லை. ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிக் கணக்குப் பார்க்கும் வேலை, சென்னையில். சிஸ்டர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் வரும் தொற்றெல்லாம் கணக்கில் வர வேண்டும் என்பது விதி. ஆனால் ஆள் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். வெளிப்புண் தொற்றில் நிறைய வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். என் சித்தி கடற்பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் தையலோரம் சிவந்து, தொட்டால் சூடாக, அப்புறம் சீழ். மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். அப்போது பழைய ரயில் பாலம் மூடிக் கிடந்த சமயம், 2022 டிசம்பரிலிருந்து ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில்தானே. வயிற்றில் கட்டோடு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு யார் போவது? உள்ளூரில் ஒரு கிளினிக்கில் இரண்டு தையலைப் பிரித்துச் சீழை எடுத்துக் கட்டினார்கள். ஆறிவிட்டது. மதுரையில் சித்தியின் பதிவில் என்ன இருக்கும்? "தொற்று இல்லை, நலமுடன் வீடு திரும்பினார்."

இப்படிப்பட்ட பதிவுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கணினியைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் அது என்ன கற்கும்? தூரத்து ஊர்க்காரர்களுக்குச் சீழே பிடிக்காது என்றுதான். பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பி வந்து காட்டுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று சொல்லும். எந்த இயந்திரமும் இதில் தப்பாது, எழுதியதைத்தான் அது படிக்கும். 2018இல் வெளிவந்த ஓர் உலக ஆய்வில் 66 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட வயிறு, குடல் ஆபரேஷன்களை 30 நாள்வரை பின்தொடர்ந்தார்கள். மொத்தத்தில் 12.3 சதவீதம் பேருக்குப் புண் தொற்று. முன்னேறிய நாடுகளில் 9.4, நடுத்தர நாடுகளில் 14, பின்தங்கிய நாடுகளில் 23.2. அப்படிப் பின்தொடர்ந்து பார்த்த கணக்கை நம்பலாம். வெளிநாட்டில் செய்த கணக்கை இங்கே அப்படியே போடுவதிலும் சிக்கல் உண்டு. அங்கே குண்டான உடம்பு பெரிய பிரச்சினை. நம் பக்கம் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பலர் ரத்தசோகையோடும் எலும்பும் தோலுமாகவும் வருகிறார்கள்.

மண்டபம் சிஸ்டர்:

பாம்பன் தம்பி, சித்தி மறுபடி பாசிக்குப் போகிறார்களா? புண் முழுசாக மூடும்வரை கடலில் இறங்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமி திறந்த புண் வழியாக ஏறும், சர்க்கரையோ ஈரல் கோளாறோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. ராமேஸ்வரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள்.

பாம்பன்காரன்:

போகிறார், கேட்டால்தானே. புண் ஆறிய பிறகுதான், அது வரைக்கும் நல்லது.

தொண்டி மகன்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு என்ன ஆனது என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஐந்தில் ஒருவர் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு தொப்புளுக்குக் கீழே சிவந்து நீர் வடிந்தது. இங்கேயே அரசு மருத்துவமனையில் பிரித்துவிட்டுத் தினமும் கட்டு மாற்றினார்கள். கீமோ தொடங்குவதுதான் தள்ளிப்போனது. ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று சொல்லியிருந்ததால் அதுதான் கவலை, ஒருவழியாக அதற்குள் தொடங்கிவிட்டோம்.

பாம்பன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் மதுரை வார்டுக்குப் போன் செய்தேன். அப்பா பெயரைச் சொல்லி, இன்ன தேதியில் சீழ் பிடித்தது, தொண்டியில் பிரித்தோம், பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்த சிஸ்டர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "எழுதிக்கிறேன் தம்பி, ஆனா டிஸ்சார்ஜ் ஆனவங்களை எந்த நோட்டுல எழுதுறதுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை. நாளைக்கு மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.