மறுமொழி: பழைய பாதைக்குக் காசு சேர்ப்பது பற்றி

எல்லாருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு மண்முனையில் பாலம் வருமுன் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு கடத்திய மிதவையைத்தான் நாம் பாதை என்கிறோம். கைவிட்டுக் கிடக்கிற அந்தப் பழைய பாதை இரண்டையும் கரையில் நிறுத்தி வைக்க ஆளுக்கு 50 பவுண் (பிரித்தானியக் காசு) சேர்க்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. அதைப் பற்றிக் கனடா மாமா போட்ட ஒரு படத்துக்கு இரண்டே நாளில் இருபத்திரண்டு மடல். நூலகக் கூரைக்குக் காசு கேட்டபோது பதில் போட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் தன் பெயரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியவர். சரி, அது கிடக்கட்டும்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் போன மாதம் ஊரில் நின்றேன். படத்தில் இருக்கிற அந்த இரண்டு பாதையையும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தவன் இந்தக் குழுவில் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். படம் பொழுது சாய்கிற நேரத்தில் எடுத்தது, ஆற்றில் வெளிச்சம் விழுந்து அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் போனால் பலகைத் தட்டு ஒன்றுகூட இல்லை. யாரோ ஆட்டுக்கொட்டிலுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், யார் என்று எனக்குத் தெரியும், எழுதினால் பழைய வேலிச் சண்டை திரும்பத் தொடங்கும். வாகனம் ஏற்றுகிற இரும்புத் தட்டு சேற்றுக்குள் குப்புறக் கிடக்கிறது. மிதவைக்குள் மழைத்தண்ணீர் நின்று நுளம்பு பெருகுகிறது. பெருவிரலால் அழுத்தினேன், தகடு அப்பளம் மாதிரி உடைந்தது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற அடிப்பக்கம்கூட இவ்வளவு மோசமில்லை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கிற அந்த ஒரு முழ உயரத்தைத்தான் உப்பு முழுக்கத் தின்றிருக்கிறது. கோடையில் நம் ஆற்றில் உப்பு ஏறும், மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் மளமளவென்று இறங்கும், இந்த இழுபறிக்கு நடுவில் எந்த இரும்பு நிற்கும்?

பெயின்ட் அடித்துக் கரையில் நிறுத்தலாம் என்று சுவிஸ் அண்ணன் எழுதியிருக்கிறார். எதன்மேல் அடிப்பது அண்ணன்? துருவைச் சுரண்டினால் ஓட்டைதான் மிஞ்சும்.

கணக்கைப் பற்றி மாமா கேட்டது நியாயம். ஆளுக்கு 50 பவுண் என்றால் எதற்கு எவ்வளவு, பாரந்தூக்கிக் கூலி யார் சொன்ன விலை, காசு யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகும், ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அந்த இரும்பு யாருடையது? அரசாங்கச் சொத்து. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு ஆணியைக் கழற்றினாலும் களவு வழக்குத்தான். நான் ஒரு கந்தோரில் போய்க் கேட்டேன், மூன்று மேசை மாற்றிவிட்டுக் கோப்பு வேறு இடத்தில் என்றார்கள். வழக்கு வந்தால் பொலிசில் போய் நிற்கப் போவது டொராண்டோவில் இருக்கிற நீங்கள் இல்லை, ஊரில் ஆள் பிடித்து வேலை செய்விக்கிற என் தம்பி.

இனி லண்டன் மச்சானின் மடல். பாதை "படுவான்கரையின் (ஆற்றின் மேற்குக் கரையான நம் பக்கத்தின்) பெருமை", "நம் அடையாளம்", மட்டக்களப்புக் கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பாலத்தை விட்டு வைத்திருக்கிறார்களே என்று எழுதியிருக்கிறார். மச்சான், அது புதுப்பாலம் வந்த பிறகும் ஆள் நடக்கிற பாலம். அப்புறம், பாதையில் தேர்த்திருவிழாவுக்குப் போனது, சைக்கிளோடு நின்று பாட்டுப் பாடினது எல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு எழுவான்கரைச் (கிழக்குக் கரைச்) சனம் நெருக்கியடித்து வருகிறபோது கடலைச் சுருளோடு நானும் நின்றவன்தான். ஆனால் நீங்கள் டவுனில் போர்டிங்கில் நின்று படித்தவர், லீவுக்கு மட்டும் பாதை ஏறியவர். எங்களுக்கு ஆறு மணிக்கு மேல் பாதை இல்லை.

93 மார்கழி. அக்காவுக்கு வலி தொடங்கியது இரவு எட்டு மணிக்கு. உழவு மெசினில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தால் பாதை அக்கரையில் கட்டிக் கிடக்கிறது, அதில் ஒரு விளக்கு எரிகிறது. கூப்பிட்டோம், கூப்பிட்டோம். சண்டைக் காலம், அக்கரையில் சென்றி (காவலரண்), பாதைக்காரர் யாரும் அசையவில்லை, அசைந்தால் சென்றியிலிருந்து சுடுவார்கள் என்று அவர்களுக்கும் பயம். அப்பா தோணி கேட்டு ஒரு வீட்டுக்கு ஓடினார். படலையைத் திறக்காமலே "விடியட்டும்" என்று சொன்னார்கள். எந்த வீடு என்று மச்சானுக்குத் தெரியும். மறுகா வேறொரு வீட்டில் கேட்காமலே தோணியை இழுத்து ஆற்றில் விட்டார்கள். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

2014 ஏப்ரலில் ஜப்பான் காசில் மண்முனைப் பாலம் திறந்தார்களே, அதற்கு அடுத்த கிழமை அம்மா தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாவாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தாவாம். 210 மீற்றர்தானே, நாலைந்து நிமிடம். அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரந்தானா மனே" என்று கேட்டா என்று தம்பி சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அதனால் பெருமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் இன்றைக்கும் பாதை ஓடுகிறது, அதில்தான் நான் இந்த முறை ஆறு கடந்தேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், ஒரு பிள்ளையிடமும் மிதவை அங்கி இல்லை. திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 காலையில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அங்கேயும் பாலம் கட்டி முடியும்வரைதானே என்று ஓட்டினார்கள். என்னுடைய 50 பவுண் மிதவை அங்கிக்கு. கடையின் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து இங்கே போட வேண்டும், மாமா கணக்கைப் பார்க்கட்டும்.

பாதையில் வைத்திருக்கத் தகுந்தது என்று எனக்குப் பட்டது ஒரே ஒரு துண்டுதான். கரையில் கட்டுகிற கயிறு சுற்றுகிற இரும்புக் குத்தி. கயிறு உரசி உரசி அதில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது, தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அனுமதிக் கடிதம் கிடைத்தால் அதை மட்டும் கழற்றி நூலக வாசலில் நடலாம். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. அன்றிரவு தோணி தந்த வீட்டுப் பேரன் இந்தக் குழுவில் இருக்கிறான், சேர்ந்த நாளிலிருந்து ஒரு மடலும் போட்டதில்லை. தம்பி, இந்தக் காசு விசயத்தில் உன் அபிப்பிராயம் என்ன என்று எழுது. நீ சொல்கிறபடி நான் செய்கிறேன்.