மறு: கலைச்சொல் வேண்டல் – பிளவு ஊர்வு

> 'அதிர்விலா நகர்வு' என்றே வைத்துவிடலாமே, உடனே புரிகிறதே?

வணக்கம் ஐயா,

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. நிலநடுக்கப் பிளவின் இரு பக்கப் பாறைகளும் குலுங்காமல் ஆண்டு முழுக்க மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் வழுக்கிக்கொண்டே இருப்பதற்கு (ஆங்கிலத்தில் fault creep) மட்டும்தான் இங்கே சொல் கேட்டிருக்கிறார்கள். 'அதிர்விலா' அதைவிடப் பெரிய குடும்பம். வட அமெரிக்க மேற்குக் கரையின் காஸ்கேடியாவில் சில வாரம் நடந்து ஓய்கிற மெதுச்சறுக்கலும், கலிஃபோர்னியாவில் 2004 பார்க்ஃபீல்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு குலுங்காமல் நீடித்த பின்சறுக்கலும்கூட அதில் அடக்கம்.

என் பரிந்துரை 'பிளவு ஊர்வு'. ஊர்வது என்றால் தரையை விட்டு எழாமல் உடம்பு உரச நகர்வது, பிளவிலும் பாறை முகங்கள் உரசிக்கொண்டுதான் போகின்றன. 'நகர்வு' வேண்டாம், அதைக் கண்டத்தட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

கலிஃபோர்னியாவின் ஹேவர்டு பிளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் சிமெண்ட் விளிம்பு நேராக ஓடிவந்து, பிளவைத் தாண்டும் இடத்தில் பக்கவாட்டில் விலகி மறுபடி நேராகப் போகிறது. பழைய நகர மன்றக் கட்டடம் பிளவின் மேலேயே நிற்கிறது, விரிசல் விட்டுக் கைவிடப்பட்டுவிட்டது. மேலே ஊர்வது ஆண்டுக்குச் சுமார் 5 மி.மீ., நீண்டகாலச் சராசரிப்படி அந்தப் பிளவு நகர வேண்டியதோ சுமார் 9 மி.மீ. மிச்சம், அடியில் பாறை முகங்கள் நகராமல் பூட்டிக்கிடக்கும் திட்டுகளில் பாக்கியாகச் சேர்கிறது. 1868-இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது, அப்போதிருந்து அசையவே அசையாத திட்டு இருந்தால் அங்கே மட்டும் பாக்கி ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கும். ஜிபிஎஸ், செயற்கைக்கோள் ராடார் அளவுகளிலிருந்து எந்தத் திட்டு ஊர்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று கணித மாதிரியில் பின்னோக்கிக் கணக்கிட்டு, பூட்டிய பரப்பை வைத்துத்தான் எவ்வளவு பெரிய நடுக்கம் வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இதற்கு 'அதிர்விலா' என்று பெயர் வைத்தால், பாடப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளை அங்கே நிலநடுக்கமே வராது என்றுதான் நினைக்கும். அது ஆபத்து, ஐயா.

அதே கலிஃபோர்னியாவின் சான் ஆண்டிரியாஸ் பிளவின் நடுப்பகுதி வேறு மாதிரி, ஆண்டுக்கு 2–3 செ.மீ. ஊர்ந்தே பாக்கியைப் பெரும்பாலும் தீர்த்துக்கொள்கிறது. 'ஊர்வு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும், ஆபத்து உண்டு இல்லை என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடாது.

அப்புறம், கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: ஊர்வு வேகம், ஊரும் பகுதி, பூட்டிய பகுதி. பிளவுக்குக் குறுக்கே கம்பி கட்டி அளக்கும் கருவிக்கு ஊர்வுமானி. சேர்ந்துகொண்டே போகும் பாக்கிக்குச் 'சறுக்கல் நிலுவை' சரியாக இருக்குமா?

'பிளவூர்வு' என்று சேர்த்தெழுத வேண்டாம், 'ஊர்வு' என்று தேடுகிறவருக்கு அகப்படாது.