பைரேட்ஸ் படத்துல மாத்தின அந்த சீனும் எங்க மாமாவும்

எல்லாரும் படம் பாத்து மனசுல தச்சத எழுதறீங்க, நானும் எழுதறேன். 2012ல ஆர்ட்மேன்ங்கற அனிமேஷன் கம்பெனி எடுத்த களிமண் பொம்மை பைரேட்ஸ் படம் ஞாபகம் இருக்கா? அதோட ட்ரைலர்ல கேப்டன் ஒரு கப்பல்ல குதிச்சு தங்கத்த எடுன்னு மிரட்டுவாரு, தங்கம்லாம் இல்லப்பா இது தொழுநோயாளிங்க கப்பல்னு ஒருத்தன் சொல்லும்போதே அவன் கை கழண்டு விழும். அவ்ளோதான் ஜோக்.

எங்க மாமாவுக்கு சின்ன வயசுலயே தொழுநோய் வந்து, வேலூர் பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரியில பாத்து முழுசா குணமாயிருச்சு, ஆனா விரல்ல உணர்ச்சி மட்டும் திரும்பல. சூடான டீ டம்ளர பிடிச்சா கொப்புளம் வந்தப்புறம்தான் சுட்டதே தெரியும். ராத்திரி ஆனா கால தண்ணியில ஊறவச்சு எண்ணெய் தேச்சு, உள்ளங்கால்ல புண்ணு இருக்கான்னு கண்ணாடி வச்சுப் பாப்பாரு. கை கால் தானா கழண்டு விழாதுங்க, மரத்துப்போன இடத்துல அடிபட்டு கவனிக்காம விடறதாலதான் விரல் தேயுதுன்னு டாக்டர் பால் பிராண்ட் வேலூர்ல வேலை பாத்த காலத்துலயே காட்டிட்டாரு. அப்புறமும் குழந்தைங்க படத்துல இப்படி காட்டலாமா?

தொழுநோயாளிங்களுக்காக வேலை செய்யற லெப்ரா அமைப்பு, உலக சுகாதார நிறுவனத்து ஆளுங்கன்னு எதிர்ப்பு கிளம்பினதும் கம்பெனி அத பிளேக் கப்பல்னு மாத்திட்டாங்க. கார்ட்டூனுக்குப் போயி இவ்ளோ அலட்டலான்னு கேக்கறவங்ககிட்ட எனக்கு கோவம்தான் வருது. அதே படத்துல விக்டோரியா ராணிதான் வில்லி, அவங்கள எவ்ளோ வேணா கிண்டல் பண்ணட்டும், அது அதிகாரத்துல இருக்கறவங்கள பாத்து சிரிக்கறது. அந்த ராணி ஆட்சியிலதான் 1898ல நம்ம நாட்டுல தொழுநோய் வந்து பிச்சை எடுக்கறவங்கள பிடிச்சு அடைக்க சட்டமே போட்டாங்க, 2016ல தான் அத நீக்கினாங்க. தொழுநோய காரணம் காட்டி டைவர்ஸ் கேக்கலாம்ங்கறது கூட 2019 வரைக்கும் சட்டத்துல இருந்துச்சு!

மாமா கல்யாணமே பண்ணிக்கல. குணமான சர்டிபிகேட்ட காட்டியும் பொண்ணு குடுக்க ஒருத்தரும் வரல. உலகத்துல புதுசா கண்டுபிடிக்கற கேஸ்ல பாதிக்கு மேல இன்னிக்கும் இந்தியாவுலதான், மாத்திரை ஃப்ரீயா கிடைக்குது, ஆனா ஊருக்குத் தெரிஞ்சுருமேன்னு நோயால வந்த தேமல மறைச்சுட்டு ஆஸ்பத்திரிக்கே வராம இருக்காங்க.