மாலுக்கு மேலே சொகுசு ஹோட்டலும் வீடுகளும்: வேலை தெரிந்தவர்கள் கண்டவை

கேள்விக்காரன்

வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் மால். அதன் மேலேயோ, பார்க்கிங் கட்டடம் நிற்கும் மூலையிலேயோ முப்பது மாடிக் கோபுரம். கீழ்ப்பாதி சொகுசு ஹோட்டல், மேல்பாதி விற்பனைக்கான வீடுகள். யோசனை ஒன்றும் புதிதல்ல. சிகாகோவின் வாட்டர் டவர் பிளேஸ் 1970களிலேயே மால், ஹோட்டல், வீடு மூன்றையும் 74 மாடிக்குள் அடக்கிவிட்டது. ஆனால் அது ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டியது. ஏற்கெனவே நிற்கும் மாலோடு ஒட்டவைக்கும் திட்டங்கள் வேறு ரகம். பாஸ்டனின் கோப்ளி பிளேஸ் மாலுக்கு வரையப்பட்ட 52 மாடிக் கோபுரம் அனுமதி வாங்கிய பிறகும் 2016-இல் கைவிடப்பட்டது. இந்த வகை வேலைகளில் எது உதைக்கும், ஏன் உதைக்கும் என்று எழுதுங்கள். "லொகேஷன் சூப்பர்" பதில்கள் வேண்டாம்.

தூண்கணக்கு

இப்படி ஒரு திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, கோபுரத்தின் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்பதைத்தான்.

மால்களில் தூண் இடைவெளி பெரும்பாலும் 8.4 மீட்டரை ஒட்டியிருக்கும். பேஸ்மென்ட்டில் இரண்டு தூணுக்கு நடுவே மூன்று கார் நிற்க வேண்டும் என்பதிலிருந்து வந்த அளவு அது. அப்படியானால் ஒரு தூண் தாங்கும் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். ஸ்லாபின் சொந்த எடை, ஃபினிஷிங், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் என்று தோராயமாகப் பிடியுங்கள். ஒரு மாடிக்கு 840. நான்கு தள மாலின் தூணுக்கு 3,400 கிலோநியூட்டன் சுற்றி வரும். மேலே 30 மாடி ஏற்றினால் கூடுதலாக 25,000, அதாவது 2,500 டன். பழைய தூணுக்கு ஜாக்கெட்டிங் (சுற்றிக் கான்கிரீட் உறை போட்டுத் தடிப்பாக்குவது) செய்தால் போதும் என்று சொல்பவர் தூணைத்தான் பார்க்கிறார், அதன் அடியில், மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப்பைப் பார்க்கவில்லை.

சரி, மாலைத் துளைத்துப் புதுத் தூண் இறக்கலாமா? இறக்கலாம். ஆனால் பேஸ்மென்ட் உயரம் மூன்று மீட்டர் என்றால் பெரிய பைலிங் ரிக் உள்ளே நுழையாது. 200 முதல் 300 மில்லிமீட்டர் மைக்ரோ பைல்தான் கதி. ஒன்றுக்கு 800 கிலோநியூட்டன் கிடைத்தால்கூட ஒரு தூணுக்கு 30-க்கு மேல் வேண்டும். அவற்றை மூடும் பைல் கேப் மட்டும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். இப்படிப் பதினைந்து தூண் என்றால் பேஸ்மென்ட்டையே தோண்டி எடுத்த மாதிரிதான். ஆகவேதான் வெற்றிகரமாக முடிந்த திட்டங்களில் பல, மாலின் நடுவைத் தொடாமல் ஓரத்தில் காலியான இடத்தைப் பிடிக்கின்றன. அட்லாண்டாவின் ஃபிப்ஸ் பிளாசாவில் மூடப்பட்ட டிபார்ட்மென்ட் ஸ்டோர் நின்ற இடத்தில்தான் நோபு ஹோட்டல் எழுந்தது.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் தளம், அதாவது மேல் சுவர்களின் பாரத்தை வேறு இடத்தில் நிற்கும் கீழ்த்தூண்களுக்கு மாற்றும் தளம். ஹோட்டல் அறை 4.2 மீட்டர் அகலம் என்றால் ஒரு இடைவெளியில் இரண்டு அறை கச்சிதமாக உட்காரும். வீடுகள் உட்காராது. அவற்றின் ஷியர் வால் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வேறு இடங்களில் வரும். அதனால் 2 மீட்டர் ஆழ பீம் தேவைப்படும். இறுகாத ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்கு 2.5 டன், இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 டன். மாலின் கூரை ஸ்லாப் இதில் சின்னப் பங்கைக்கூடத் தாங்காது. முட்டுக் கொடுத்தால் அந்த முட்டு நான்கு தளம் வழியாகத் தரை வரை போக வேண்டும், அதாவது துணிக்கடை நடுவில். கடைக்காரர் ஒப்புக்கொள்வாரா? ஒன்று, ஸ்டீல் ட்ரஸ் வைத்துத் தாண்டுங்கள். அல்லது 700 மில்லிமீட்டர் அடுக்குகளாக ஊற்றி, முதல் அடுக்கு இறுகியதும் அதுவே அடுத்ததைத் தாங்கும்படி கம்பி கட்டுங்கள். அடுக்குகளுக்கு நடுவே மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் விட்டால் பீம் இரண்டாகப் பிரிந்து வேலை செய்யும், ஆழமாக ஊற்றியதே வீண்.

மொத்தமாக ஒரே நாளில் ஊற்றுபவர்கள் வெப்பத்தைக் கவனியுங்கள். உள்மையம் 70 டிகிரியைத் தாண்டக் கூடாது, மையத்துக்கும் மேற்பரப்புக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஃபிளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலவை, கலக்கும் நீரில் பனிக்கட்டி, பக்கங்களில் இன்சுலேஷன். குளிரட்டும் என்று ஃபார்ம்வொர்க்கைச் சீக்கிரம் கழற்றுவதுதான் பெரிய தப்பு. மேற்பரப்பு சட்டென்று ஆறி விரிசல் விடும்.

வடிகால்

தூண் இறங்குகிற இடம் பற்றி முதல் மீட்டிங்கிலேயே பேசிவிடுவார்கள். பாத்ரூம் தண்ணீர் இறங்குகிற இடம் பற்றி டெண்டர் போன பிறகுதான் பேச்சு வரும்.

தளத்துக்கு 20 அறை என்றால், இரண்டு அறைக்கு ஒரு ஷாஃப்ட் வீதம் பத்து ஸ்டாக் (செங்குத்துக் கழிவுக்குழாய்). மேலே உள்ள வீடுகளின் சமையலறையும் பாத்ரூமும் இதோடு நேர்கோட்டில் வராது. கீழே மாலின் கடைகளோ எந்தக் குழாயையும் நடுவில் விடாது. ஆக, குழாய்கள் இரண்டு முறை படுத்துத் திரும்ப வேண்டும். படுக்கும் குழாய் 1:60 சரிவில் 30 மீட்டர் போனால் அரை மீட்டர் கீழிறங்கியிருக்கும். ஆர்க்கிடெக்ட் 2.2 மீட்டரில் சர்வீஸ் தளம் வரைந்திருப்பார். அதற்குள் டக்ட், ஸ்பிரிங்க்ளர், கேபிள் ட்ரே, டிரான்ஸ்ஃபர் பீமின் அடிவயிறு எல்லாம் வந்த பிறகு ஆள் தவழ்ந்துதான் போக முடியும். 3 மீட்டருக்குக் குறைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

செங்குத்தாக வந்த தண்ணீர் படுக்கைக்குத் திரும்பும் இடத்தில் வேகம் குறைந்து குழாயை நிரப்பும், காற்று அடைபடும். அந்த அழுத்தம் வளைவுக்குச் சற்று மேலே இருக்கும் தளங்களின் ட்ராப்பை (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைகுழாய்) உடைத்துக்கொண்டு சோப்பு நுரையை ஷவர் வழியாகத் தள்ளும். ஹோட்டலின் மிகக் கீழ்த்தள அறைகளில் மட்டும் நாற்றம் என்று புகார் வந்தால் அறைக்குள் தேடாதீர்கள், இந்த வளைவைப் பாருங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45. வளைவுக்கு மேலுள்ள முதல் இரண்டு தளங்களை அதே ஸ்டாக்கில் சேர்க்காமல் தனிக்குழாயில் எடுத்து, படுக்கைக் குழாயில் தள்ளிப்போய் இணையுங்கள். காற்று போய்வரும் வெண்ட் குழாயில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, அடைப்பு எடுக்கத் திறக்கும் கிளீன் அவுட் மூடி எங்கே இருக்கிறது? நகைக்கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு அடைப்பு வரும்போது கடையைத் திறக்க ஓனர், அலாரம் கம்பெனி, இன்ஷூரன்ஸ் ஆள் என்று எல்லோரும் வர வேண்டும். அதுவரை மேலே இருபது மாடியும் ஃப்ளஷ் பண்ணிக்கொண்டே இருக்கும். மூடிகள் எல்லாம் பொது நடைபாதையில் அல்லது சர்வீஸ் காரிடாரில்தான் இருக்க வேண்டும்.

கோர்சுவர்

தூண்கணக்கு சார் சொன்ன தூண்களைவிட மால்காரரை அதிகம் வருத்துவது லிஃப்ட் ஷாஃப்ட். 200 அறை ஹோட்டலுக்கு விருந்தினர் லிஃப்ட் 3, சர்வீஸ் லிஃப்ட் 2. 120 வீடுகளுக்கு 2, கூடவே சாமான் ஏற்றவும் தீயணைப்புக்கும் 1. மொத்தம் 8. வீடு வாங்கியவர் ஹோட்டல் லாண்டரி வண்டியோடு ஒரே லிஃப்ட்டில் போக மாட்டார், ஆகவே சேர்க்கவும் முடியாது. எட்டு ஷாஃப்ட், இரண்டு படிக்கட்டு, லாபி, குழாய் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து மாலின் ஒவ்வொரு தளத்திலும் 160 முதல் 180 சதுர மீட்டர் வாடகைப் பரப்பு போய்விடும். தப்பிக்க ஒரே வழி ஸ்கை லாபி. தரையிலிருந்து இரண்டு மூன்று ஷட்டில் லிஃப்ட் மட்டும் மாலைக் கடந்து மேலே போய், மற்றவை அங்கிருந்து தொடங்கும். வாட்டர் டவர் பிளேஸில் ஹோட்டல் லாபி 12-ஆவது மாடியில் இருப்பது இதனால்தான். சர்வீஸ் லிஃப்ட்டை மட்டும் ஷட்டில் ஆக்காதீர்கள், நேராக லோடிங் டாக் வரை விடுங்கள். பெட்ஷீட்டை இரண்டு முறை மாற்றி ஏற்றினால் ஹவுஸ்கீப்பிங் நொறுங்கிவிடும்.

தீ விஷயம். கோபுரத்தின் படிக்கட்டு மாலின் ஏட்ரியத்தில் (தளங்களுக்கு நடுவே கூரை வரை திறந்த கூடம்) போய்த் திறக்கக் கூடாது. புகை நிரம்பும் முதல் இடமே அதுதான். தனிப் பாதுகாப்பு வழியில் நேராக வெளியே போக வேண்டும். மாலின் பழைய ஃபயர் பம்ப்பை நம்பாதீர்கள். 130 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றவே 13 பார் வேண்டும், சாதாரண ஸ்பிரிங்க்ளர் பொருத்திகள் 12 பாருக்குத்தான். இடையில் டாங்க் வைத்து இரண்டு மண்டலமாகப் பிரித்தாக வேண்டும். படிக்கட்டில் காற்றழுத்தம் ஐரோப்பியத் தரநிலைப்படி 50 பாஸ்கல், அதே நேரம் கதவைத் திறக்கும் விசை 100 நியூட்டனுக்குள். இரண்டையும் ஒருசேர டெஸ்ட்டில் காட்டச் சொல்லுங்கள். ஃபேனைக் கூட்டினால் முதலாவது பாஸ், குழந்தையால் கதவைத் திறக்க முடியாது.

அலாரம் லாஜிக்கை எழுதும்போது ஃபுட் கோர்ட்டில் ஒரு டிடெக்டர் கத்தினால் ஹோட்டல் முழுதும் எழும்பாதபடி கட்டம் கட்டமாக அமையுங்கள். ஆனால் உறுதியான தீ என்றால் ஒருவருக்கொருவர் சேதி போயே ஆக வேண்டும். மூன்று கட்டுப்பாட்டு அறை, மூன்று பேனல், பேசிக்கொள்ளாத மூன்று நிர்வாகம் என்பது ஆபத்து.

மால் ஆபரேஷன்ஸ்

ஃபுட் கோர்ட் எக்ஸாஸ்ட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது இன்று மாலின் கூரையில், 20 மீட்டர் உயரத்தில் வெளியே விடுகிறது. நாளைக்கு அதே உயரத்தில் பக்கத்தில் ஹோட்டலின் முதல் அறைத்தளமும் நீச்சல் குளமும். வறுவல் வாசனையோடு குளிக்க யாரும் சொகுசுக் கட்டணம் தர மாட்டார்கள். எலக்ட்ரோஸ்டாட்டிக் ஃபில்டர் எண்ணெய்த் துகளைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. அதற்குக் கார்பன் வேண்டும், அல்லது டக்ட்டைக் கோபுர உச்சி வரை கொண்டுபோக வேண்டும். கூலிங் டவரும் அப்படியே. அதன் காற்று வெளியேற்றத்துக்கும் புதுக்காற்று எடுக்கும் வாய்க்கும் நடுவே அமெரிக்காவின் ஆஷ்ரே 62.1 காற்றோட்டத் தரநிலை கேட்பது குறைந்தது 7.5 மீட்டர். அது பழைய மாலுக்குப் போதும், பக்கத்தில் சுவர் எழும்பிக் காற்று சுழலும்போது போதாது. விண்ட் டனல் சோதனையில் புகைப் பரவலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"மாலின் சில்லரிலேயே (ஏசிக்குக் குளிர்நீர் தரும் மெஷின்) கூடுதல் இருக்கிறது, பகிர்ந்துகொள்ளலாம்" என்பார்கள். பகலில் சரி. மால் மூடியபின் இரவு மூன்று மணிக்கு ஹோட்டலுக்குத் தேவை ஏசி கணக்கில் 100 டன் குளிர்ச்சி இருந்தால் அதிகம். 800 டன் சென்ட்ரிஃப்யூகல் மெஷின் அந்த லோடில் சர்ஜ் ஆகி (வாயு பின்னோக்கிப் பாய்ந்து) நின்று நின்று ஓடும். இரவுக்கென்று சின்னதாக ஒரு ஸ்க்ரூ சில்லர், ஒவ்வொரு தரப்புக்கும் தனி பிடியு மீட்டர் (எடுத்த குளிர்ச்சியை அளப்பது). மீட்டர் இல்லாமல் பரப்பளவு விகிதத்தில் பங்கு போட்டால் வருடா வருடம் சண்டை.

மல்டிபிளெக்ஸ் மேல் அறை வைக்காதீர்கள். சப்வூஃபரின் தாழ்ந்த ஒலி ஸ்லாப் வழியாக ஏறும், கார்ப்பெட்டால் நிற்காது. பால்ரூமும் கோபுரத்துக்கு அடியில் வேண்டாம். தூண் இல்லாத 700 சதுர மீட்டர் கூடத்துக்கு மேலே 30 மாடி என்றால் செலவு எங்கேயோ போகும். போடியம் கூரையில், அதாவது மால் கட்டடத்தின் மேல், கோபுரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கட்டும்போது ஸ்கைலைட்டுக்கு மேல் கிராஷ் டெக் (விழும் பொருளைத் தாங்கும் தட்டு) போடாமல் டவர் கிரேனை எழுப்ப விடாதீர்கள். கிரேன் கை போகும் வட்டம் முழுதும், கடை திறந்திருக்கும் நேரத்தில் வாசலுக்கு மேல் சுமை போகாதபடி மெஷினிலேயே லிமிட் போட்டுப் பூட்டணும். ஆபரேட்டரின் நினைவாற்றலை நம்பி விடக் கூடாது.

குத்தகைப்பத்திரம்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பணத்தால் தீர்வு உண்டு. ஆங்கர் கடையின், அதாவது மாலுக்குக் கூட்டத்தை இழுக்கும் பெரிய கடையின், லீஸுக்கு இல்லை.

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் பழைய ஒப்பந்தங்களில் ஒரு சைட் பிளான் இணைத்திருப்பார்கள். அதில் "இங்கே கட்டக் கூடாது" என்று கோடிட்ட பகுதி இருக்கும். பெரும்பாலும் அது அந்தக் கடையின் வாசலும் பெயர்ப்பலகையும் சாலையிலிருந்து தெரியும் திசை. கோபுரத்துக்கு வசதியான மூலையும் அதுவேதான். கூடவே, 100 சதுர மீட்டர் வாடகைப் பரப்புக்கு 4 அல்லது 5 கார் இடம் எப்போதும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பார்க்கிங் கட்டடத்தை இடித்த அன்றே அது மீறப்படும், கட்டி முடித்து இடம் கொடுத்தாலும் கட்டும் மூன்று வருடத்துக்கு யார் பொறுப்பு? ஆர்க்கிடெக்ட்டை அமர்த்துவதற்கு முன்னால் இந்த இரண்டு ஷரத்தையும் எடுத்துப் படியுங்கள்.

பார்க்கிங்கைப் பகிர்ந்துகொள்வதிலும் கணக்கு உண்டு. மாலுக்கு உச்சம் சனிக்கிழமை மதியம், ஹோட்டல் அறைகளுக்கு இரவு. இவை ஒத்துப்போகும். பால்ரூமில் சனிக்கிழமை மாலை விசேஷம் என்றால் ஒத்துப்போகாது. வீடு வாங்கியவரின் இடத்தை எந்த நேரமும் யாருக்கும் தர முடியாது, அதைக் கூட்டுக் கணக்கில் சேர்த்திருந்தால் அறிக்கை தவறு.

விற்பனை ஆபத்தும் சின்னதல்ல. மாசசூசெட்ஸின் நேட்டிக் மாலோடு சேர்த்துக் கட்டிய 215 வீடுகள் 2008 நெருக்கடி நேரத்தில் சந்தைக்கு வந்தன. விற்பனை முடங்கி, ஒரு பகுதியை ஏலம் விட வேண்டியதாயிற்று. வீடு விற்ற பணத்தில்தான் ஹோட்டலை முடிப்பது என்று கடன் திட்டம் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து முடங்கும்.

கேள்விக்காரன்

அருமை. இதில் வீடு வாங்க நினைப்பவர் என்ன கேட்க வேண்டும்? ஹோட்டல் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

குத்தகைப்பத்திரம்

பெயர் வாடகைக்கு வந்தது. அதற்கு விற்பனை விலையில் ஒரு பங்கு லைசென்ஸ் கட்டணமாகப் போகிறது, அது உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது. ஹோட்டல் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ பெயர்ப்பலகை இறங்கும், வீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அதில் ஓட்டு கிடையாது. ஒப்பந்தக் காலமும் முறிக்கும் ஷரத்தும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு மூன்று தரப்புக்கும் இடையேயான உரிமை ஒப்பந்தத்தைக் கேளுங்கள். மாலின் கூரை ஒழுகினால் யார் செலவு, உங்கள் லிஃப்ட் நிற்கும் தரைத்தள லாபி யாருடைய நிலம், மால் இடிக்கப்பட்டால் உங்கள் தூண்களுக்கான தாங்கும் உரிமை தொடருமா.

வடிகால்

நீச்சல் குளத்தையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் ஆழத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 1.2 டன், அடியில் கடை. வாட்டர் ப்ரூஃபிங்குக்குக் கீழே இரண்டாவது ட்ரேயும் அதற்கென்று தனி வடிகாலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடிகால் வாயில் ஈரம் தெரிந்தால் மேல் அடுக்கு போய்விட்டது என்று பொருள். கடையின் சீலிங் நனைவதற்கு முன்பே ஆளை விட்டுச் சரிசெய்யலாம்.