லபுக்கலைக்கு மேலே கேம்பர் வேன் நின்றுவிட்டது, விளக்கு மங்குகிறது. யாராவது உதவுங்கள்

கோவையிலிருந்து வந்தவள் (மாலை 6.40)
வணக்கம். நாங்கள் இலங்கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கணவருக்கு நுவரெலியாவில் வேலை. வீடு அமையும் வரை ஒரு கேம்பர் வேனை மாத வாடகைக்கு எடுத்து அதிலேயே தங்கியிருக்கிறோம். இன்று நான் கண்டிக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி, லபுக்கலைக்குக் கொஞ்சம் மேலே வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். உள்ளே விளக்கெல்லாம் மங்கல். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் கீகீ என்று கத்துகிறது. மழை விடவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. மாமியாரும் ஏழு வயதுப் பையனும் கூட இருக்கிறார்கள். போனில் 31 சதவீதம்தான் சார்ஜ். என்ன செய்யட்டும்?

அப்புத்தளைவாசி (6.52)
பயப்படாதீர்கள், உள்பேட்டரி (வேனுக்குள் விளக்கு, ஃப்ரிட்ஜுக்கென்று இருப்பது) காலியாகியிருக்கும். 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 காட்டும், பாதியில் 12.2, அதற்கும் மிகக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும். கூரையில் சோலார் இருக்கிறதே என்று நம்பி இருந்திருப்பீர்கள். இந்த மூடுபனியில் அது பேருக்குத்தான். நான் 2016-இல் திருச்சியிலிருந்து வந்தபோது முதல் மூன்று மாதம் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பின் ப்ளக் ஒன்றும் வீட்டுச் சுவரில் நுழையவில்லை, இங்கே புது வீடுகளில் எல்லாம் சதுரப் பின், 13 ஆம்பியர். மலிவான அடாப்டரில் ஹீட்டரைச் செருகி, அது உருகி, வீடு முழுக்கப் புகை. துணி காய்வதற்கு நான்கு நாள் ஆகும். என் மனைவி தினமும் அழுவாள். அதனால் முதலில் நல்ல சதுர ப்ளக் ஒன்று வாங்குங்கள். ஏதாவது தங்கும் விடுதியில் 230 வோல்ட் எடுத்து இரவு முழுக்கச் சார்ஜ் போட்டால் சரியாகிவிடும்.

கம்பளை டிரைவர் (7.01)
விடுதிக்குப் போவதற்கே வண்டி ஓட வேண்டுமே. அந்த ரோட்டில் மரக்கறி லொறி நிறைய வரும். ஒன்றை மறித்து, அதன் பேட்டரியிலிருந்து உங்கள் பேட்டரிக்கு ஜம்ப் வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஒரே மூச்சில் நுவரெலியா போய்விடுங்கள். நிறுத்தாதீர்கள்.

பதுளைத் தம்பி (7.05)
அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. என்ன பழுது என்று தெரியாமல் ஜம்ப் கொடுத்து ஏற்றத்தில் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். அத்தோடு லொறி பல 24 வோல்ட், அதை 12 வோல்ட் வேனில் மாட்டினால் இருப்பதும் எரிந்துவிடும். காலை வரை அசையாதீர்கள் அக்கா.

கம்பளை டிரைவர் (7.08)
மழையில், இருட்டில், பிள்ளையோடு காலை வரை அங்கே இருக்கச் சொல்கிறீர்களா? நான் இருபது வருடமாக அந்த ரோட்டில் ஓடுகிறேன். சின்ன லொறிகளில் 12 வோல்ட்டும் இருக்கிறது, கேட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வவுனியாவிலிருந்து நுவரெலியாவுக்கு (7.15)
அடிப்படைப் பிரச்சினை வாகனத்தின் வயதுதான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனை வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருடம் புதிய வாகனமே இல்லை. முப்பது வயது வேனைப் பூச்சடித்து, கட்டில் போட்டு, கேம்பர் என்று வாடகைக்கு விடுகிறார்கள். விலையோ நெருப்பு. வீட்டு வாடகையும் அப்படித்தான். சீசன் மாதம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அறைகூடக் கிடைக்காது.

அப்புத்தளைவாசி (7.19)
அதைச் சொல்லுங்கள். நாங்கள் வந்த வருடம் ஒரு வீட்டுக்கு ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். கூரை ஒழுகியது.

பதுளைத் தம்பி (7.22)
எப்படியோ அக்கா, நாளைக்கு வண்டி சரியானாலும் நானுஓயா பக்கம் ரதல்ல குறுக்குவழியில் மட்டும் இறங்காதீர்கள். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். செங்குத்தான இறக்கம், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் இடம்.

கொட்டகலைக்காரர் (7.26)
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். தங்கச்சி, நான் தோட்டத்து ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். நான்கு கேள்வி. வண்டி என்ன வண்டி? ஓடும்போது டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததா? சூடு காட்டும் முள் எங்கே நின்றது? ஏற்றத்தில் ஏதாவது சத்தம் கேட்டதா? அதற்கு முன் ஒன்று: எஞ்சினை அணைத்துவிட்டீர்களா?

கோவையிலிருந்து வந்தவள் (7.31)
அணைத்துவிட்டேன் அண்ணா. பழைய டொயோட்டா ஹைஏஸ், டீசல். இங்கே டொல்பின் என்கிறார்கள். நீங்கள் கேட்டதும்தான் நினைவு வருகிறது: புசல்லாவையிலிருந்தே சிவப்பு விளக்கு எரிந்தது, கைபிரேக் விளக்கு என்று நினைத்தேன். மழை வலுத்ததும் கீச்ச்ச் என்று நாய்க்குட்டி கத்துவது போல ஒரு சத்தம், பிறகு நின்றுவிட்டது. முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. முன்விளக்கும் மங்கியதால்தான் ஓரம் கட்டினேன். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், மாமியாரின் இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

கொட்டகலைக்காரர் (7.44)
நல்ல வேளை நிறுத்தினீர்கள். இது உள்பேட்டரிப் பழுது இல்லை. உள்பேட்டரியும் எஞ்சின் பேட்டரியும் ஒரே நேரத்தில் சாகின்றன என்றால், இரண்டுக்கும் சார்ஜ் வரும் வழி அடைபட்டிருக்கிறது. அதோடு எஞ்சினும் சூடாகிறது, கீச்சுச் சத்தமும் இருந்தது. மூன்றும் சேர்ந்தால் ஃபேன் பெல்ட்தான். ஆல்டர்நேட்டரையும் (பேட்டரிக்குச் சார்ஜ் தருவது, பழைய மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள்) தண்ணீர் பம்பையும் சுற்றுவது அதுதான். தளர்ந்த பெல்ட் மழையில் நனைந்தால் வழுக்கும். சார்ஜும் வராது, தண்ணீரும் ஓடாது. இந்தப் பழைய டீசலுக்கு ஓடுவதற்குக் கரன்ட் அதிகம் தேவையில்லை, அதனால்தான் உங்களுக்குத் தெரியாமலே இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது.

கம்பளைத் தம்பி சொன்னபடி ஜம்ப் போட்டால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போய்விடும். அதனால் ஓட்ட வேண்டாம்.

இப்போது நிற்கும் இடத்தைப் பாருங்கள். மேலே வெட்டிய மண்மேடு இருந்தால், அதிலிருந்து கலங்கிய தண்ணீரோ சிறு கல்லோ விழுந்தால், அங்கே தூங்கக் கூடாது. நுவரெலியா மாவட்டம் மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி வரும் மாவட்டம். சக்கரத்துக்குக் கல் வைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்னால் வைத்துவிட்டு, மூன்று பேரும் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கோ (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஃபேக்டரிக்கோ நடந்து போங்கள். புது நாடு, மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள், பிள்ளையோடு வந்தவளை வாசலில் நிறுத்த மாட்டார்கள். ஆபத்து என்று தோன்றினால் 119 பொலிஸ், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் 1990 ஆம்புலன்ஸ், அது இலவசம்.

இன்சுலினுக்குப் பதற வேண்டாம். பெரும்பாலான இன்சுலின், திறந்து பயன்படுத்துவது, 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். உறையில் உள்ள தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த மலைக் குளிரே ஃப்ரிட்ஜ் மாதிரிதான், கைப்பையில் வைத்து எடுத்துப் போங்கள்.

வேனுக்குள்ளேயே இருக்க நேர்ந்தால், குளிருக்காகக் கேஸ் அடுப்பை மட்டும் பற்றவைத்துக் கதவை மூடிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இன்வெர்ட்டரை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள்.

கம்பளை டிரைவர் (7.50)
அண்ணன் சொல்வது சரி. முள் ஏறியது தெரிந்திருந்தால் நான் ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன். தங்கச்சி, விடியற்காலை ஐந்தரைக்கு நான் அந்த வழியாக வருகிறேன். 12, 14 ஸ்பானரும் இரண்டு மூன்று பெல்ட்டும் கொண்டு வருகிறேன்.

கோவையிலிருந்து வந்தவள் (8.35)
மேட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதனால் கிளம்பிவிட்டோம். லயத்தில் முதல் வீட்டிலேயே உள்ளே கூப்பிட்டார்கள். பையன் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். அத்தைக்கு ஊசி போட்டாயிற்று. கணவரிடமும் பேசிவிட்டேன். போன் இங்கே சார்ஜ் ஏறுகிறது. எல்லோருக்கும் நன்றி.

கோவையிலிருந்து வந்தவள் (மறுநாள் காலை 7.20)
கம்பளை அண்ணா வந்தார். முன்பக்கப் பயணி சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின்! இத்தனை நாள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஆனால் உட்பக்கம் கண்ணாடி போலப் பளபளவென்று தேய்ந்து, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் இரண்டு அங்குலம் உள்ளே போனது. புதியதைப் போட்டு, ஆல்டர்நேட்டரைக் கம்பியால் நெம்பி இழுத்து, போல்ட்டை இறுக்கினார். இப்போது அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர்தான் போகிறது. ஆறிய ரேடியேட்டரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடித்தது. அவருடைய வேனிலிருந்து ஜம்ப் கொடுத்து, டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு (டீசல் எஞ்சின் முதலில் சூடாவதைக் காட்டுவது) அணையும் வரை காத்திருந்து செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. மீட்டரில் 13.9 காட்டுகிறது. இது போதுமா?

கொட்டகலைக்காரர் (7.34)
13.8-இலிருந்து 14.4 வரை சரியான அளவு. நுவரெலியா போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு பெல்ட்டைத் திரும்ப அழுத்திப் பாருங்கள், புதிய பெல்ட் முதல் நாளில் கொஞ்சம் இளகும். உள்பேட்டரி அவ்வளவு இறங்கியதால் ஓட்டத்தில் மட்டும் நிறையாது, ஓர் இரவு சுவர்க் கரன்ட்டில் போடுங்கள். அதற்கு அப்புத்தளைக்காரர் சொன்ன சதுர ப்ளக் வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றியது வெறும் தண்ணீர் என்றால் இந்த வாரமே கூலன்ட் மாற்றுங்கள்.

கோவையிலிருந்து வந்தவள் (7.41)
சரி அண்ணா. கூடுதலாக ஒரு பெல்ட் வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

கம்பளை டிரைவர் (7.43)
பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் முதுகில் நம்பர் அச்சடித்திருக்கும், சேற்றைத் துடைத்துவிட்டு அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.