தடயவியல் பணிக்கு லேப்டாப்: இமேஜ் எடுக்கும்போது வேகம் பாதியில் சரிகிறது, எதை வாங்குவது?

புதுவரவு:
வணக்கம் நண்பர்களே. டிஜிட்டல் தடயவியல் பணியில் அண்மையில்தான் சேர்ந்தேன். கையில் இருப்பது 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். பயிற்சிக்காக 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றின் இமேஜை, அதாவது அச்சு அசலான முழு நகலை, ரைட் பிளாக்கர் (மூல டிஸ்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருளில் ஈ01 என்ற தடயவியல் கோப்பு வடிவில் எடுக்கிறேன். தொடக்கத்தில் நொடிக்கு 350 எம்பி வேகத்தில் ஓடுகிறது. கால்வாசி தாண்டியதும் 70, 60 என்று இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. எடுத்த இமேஜை ஆட்டாப்ஸி என்ற பகுப்பாய்வு மென்பொருளில் ஏற்றிவிட்டு, கூடவே ஒரு மெய்நிகர் கணினியை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) திறந்தால் மொத்தமும் உறைந்துபோகிறது. பெரிய கிராபிக்ஸ் அட்டை உள்ள கேமிங் லேப்டாப் வாங்கினால் தீருமா? எம் வரிசை மேக்புக் நல்லது என்றும் ஒருவர் சொன்னார்.

இரவுப்பணி:
வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

எஃப்டிகே இமேஜரில் மூல டிஸ்கைச் சேர்த்து, அதன்மீது வலது கிளிக் செய்து 'வெரிஃபை டிரைவ்' கொடுங்கள். அது டிஸ்க் முழுவதையும் படித்து ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற எண்) மட்டும் கணக்கிடும். எங்கும் எதையும் எழுதாது. வேகம் கடைசிவரை நிலையாக இருந்தால் மூல டிஸ்க், ரைட் பிளாக்கர், கேபிள், போர்ட் எதிலும் பழுதில்லை. அப்போதும் சரிந்தால் செயலி சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இமேஜை எந்த டிஸ்கில் சேமிக்கிறீர்கள், ஈ01 சுருக்க அளவு என்ன என்பதையும் எழுதுங்கள். சுருக்கத்தை உச்சத்தில் வைத்தால் செயலிக்கு மூச்சு முட்டும்.

புதுவரவு:
செய்து பார்த்தேன் ஐயா. ஹாஷ் கணக்கிடும்போது வேகம் கடைசிவரை குறையவே இல்லை. சுருக்கம் குறைந்த அளவில்தான் இருக்கிறது. இமேஜ் போய்ச் சேர்வது ஒரு வெளிப்புற எஸ்எஸ்டி. க்யூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட் வைப்பது), ஏறக்குறைய நிறைந்துவிட்டது.

இரவுப்பணி:
அதுதான் காரணம். க்யூஎல்சி டிஸ்குகள் வரும் தரவை முதலில் ஒரு வேகமான தற்காலிகப் பகுதியில் வாங்கிக்கொள்கின்றன. அது நிரம்பியதும் உண்மையான எழுதும் வேகம் தெரிந்துவிடும். டிஸ்க் நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்கும். 350 எம்பி வேகம் நீடித்தால் 1 டெராபைட் சுமார் 48 நிமிடத்தில் முடியும். 60 எம்பியில் நாலரை மணி நேரம் தாண்டும். எவ்வளவு விலை உயர்ந்த லேப்டாப் வாங்கினாலும் இதே டிஸ்கில் எழுதினால் இதே நாலரை மணி நேரம்தான். நீண்ட நேரம் தொடர்ந்து எழுதினாலும் தளராத டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) எஸ்எஸ்டி ஒன்றை இமேஜுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிப்பெட்டி:
உறைந்துபோவதற்கு ரேம்தான் காரணம். ஆட்டாப்ஸியின் சொல் தேடல் அட்டவணையும் மெய்நிகர் கணினியும் சேர்ந்தால் 16 ஜிபி போதாது. 32 ஜிபியில் தொடங்குங்கள். அதைவிட முக்கியம், ரேம் போர்டில் பற்றவைக்கப்படாமல் இரண்டு ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். நாளை 64 ஆக்கலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த வழியே கிடையாது.

அடுத்து, உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகள் இரண்டு வேண்டும். ஒன்றில் இயங்குதளமும் மென்பொருள்களும், மற்றொன்றில் வழக்குக் கோப்புகளும் தேடல் அட்டவணையும். இமேஜ் வெளி டிஸ்கில் இருக்கட்டும். படிப்பதும் எழுதுவதும் வெவ்வேறு டிஸ்கில் நடந்தால் பகுப்பாய்வு எவ்வளவு விரைகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

போர்ட்டுகளை உன்னிப்பாகப் பாருங்கள். யுஎஸ்பி-சி என்று ஒரே தோற்றத்தில் இருப்பவற்றில் ஒன்று 5 ஜிகாபிட், ஒன்று 10, தண்டர்போல்ட் 4 என்றால் 40. ரைட் பிளாக்கருக்கும் சேமிக்கும் டிஸ்குக்கும் தனித்தனிப் போர்ட் வேண்டும். ஒரே ஹப்பில் இரண்டையும் மாட்டினால் பாதை ஒன்றுதான்.

மேக்புக் சிறந்த கணினிதான். ஆனால் எஃப்டிகே இமேஜர், எக்ஸ்-வேஸ் போன்ற தடயவியல் மென்பொருள்கள் விண்டோஸுக்கானவை. எம் வரிசையில் ஆர்ம் (அந்தச் செயலிகளின் வகை) விண்டோஸை மெய்நிகராக ஓட்டினாலும், இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான பழைய எக்ஸ்86 டிரைவர்கள் அதில் ஏறாது. முதல் கணினியாக அது வேண்டாம்.

கிராபிக்ஸ் அட்டைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஹாஷ்கேட் என்ற மென்பொருளில் கடவுச்சொல் உடைப்பதற்குத்தான் அது பெரிதும் தேவை. மணிக்கணக்கில் ஓடும் அந்த வேலைக்கு நல்ல காற்றோட்டமுள்ள மேசைக் கணினியே ஏற்றது.

தடம்தேடி:
கடைசிக் கருத்தில் சிறிய மாறுபாடு. படங்களையும் வீடியோக்களையும் தானாக வகைப்படுத்தும் மென்பொருள்கள் சில கிராபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்துகின்றன. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஏதேனும் இருந்தால் நடுத்தர அட்டை ஒன்று போதும்.

புதுவரவு:
மிக்க நன்றி. கேமிங் லேப்டாப் எண்ணத்தைக் கைவிடுகிறேன். முதலில் சேமிக்கும் டிஸ்கை மாற்றுகிறேன்; பிறகு இரண்டு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2, தண்டர்போல்ட் உள்ள பணிநிலைய வகை லேப்டாப்பைத் தேடுகிறேன்.

இரவுப்பணி:
நல்ல முடிவு. புதியது வந்ததும் உறக்க நிலையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். பாதி இமேஜில் கணினி தானாக மறுதொடக்கம் ஆனால் மொத்த வேலையும் முதலிலிருந்துதான். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் ஆட்டோமவுண்ட்டை (புதிதாக மாட்டும் டிஸ்கைத் தானாகத் திறக்கும் வசதி) அணைப்பதும் நல்ல பழக்கம், ஆனால் ரைட் பிளாக்கருக்கு அது ஒருபோதும் மாற்றாகாது.