வேர்டில் டைப் செய்யும்போது மெனு மேல் எழுத்துக் கட்டங்கள் வருகின்றன, எப்படி நிறுத்துவது?

கேள்வி:
வணக்கம். லேப்டாப்பில் விண்டோஸ் 11. வேர்டில் டைப் செய்துகொண்டிருக்கும்போதே மேலே மெனுப் பட்டையில் எஃப், எச், என், பி என்று சின்னச் சின்னக் கட்டங்களில் எழுத்துகள் வந்து நிற்கின்றன. அதற்கப்புறம் அடிக்கும் எழுத்து பக்கத்தில் விழாமல் ஏதாவது ஒரு மெனுவைத் திறக்கிறது. எக்செலிலும் இதே தொல்லை. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், பலன் இல்லை. வைரஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். இதற்குப் பெயர் கீ டிப்ஸ். மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் கீபோர்டாலேயே எல்லா மெனுவுக்கும் போவதற்காக வைத்திருக்கிறார்கள். ஆல்ட் கீயைத் தட்டினாலும் எஃப்10 தட்டினாலும் வரும். இதை அடியோடு நிறுத்த வேர்டில் ஆப்ஷன் கிடையாது, அதனால் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. அந்த கீ எப்படி அழுத்தப்படுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கை வைக்காமல் சும்மா விட்டாலும் வருகிறதா?

கேட்டவர்:
கையை எடுத்துவிட்டால் வருவதில்லை. கவனித்துப் பார்த்தேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அடிக்கடி வருகிறது, சவுண்டைக் குறைக்கும்போதும் வருகிறது. எக்செலில் காலிக் கட்டத்தில் முதல் எழுத்தாகச் சாய்கோடு போட்டாலே வந்துவிடுகிறது.

பதில்:
அப்படியானால் மூன்றுக்கும் மூன்று காரணம்.

மொழி மாற்ற ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாகப் படாவிட்டால், ஆல்ட்டை மட்டும் தட்டியதாக வேர்டு எடுத்துக்கொள்ளும். தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி மாற்றப் பழகுங்கள், அதில் ஆல்ட்டே வராது.

சவுண்ட் குறைக்கும் படம் உங்கள் லேப்டாப்பில் எஃப்10 மேலேயே இருக்கும், பாருங்கள். மேல்வரிசை இப்போது எஃப் கீகளாக வேலை செய்கிறது. பல மாடல்களில் எஃப்என் கீயோடு எஸ்கேப் தட்டினால் அது மாறிவிடும். எஸ்கேப் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லாவிட்டால் பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில், மாற்ற வேண்டியிருக்கும்.

எக்செல் கதை பழையது. 1983-இல் வந்த, எக்செல் போன்றதே ஆன லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் சாய்கோடு போட்டால்தான் மெனு வரும். அதில் பழகியவர்களுக்காக எக்செல் அந்த வழக்கத்தை இன்னமும் விடவில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்க் கடைசி வரை இறங்குங்கள். லோட்டஸ் கம்பாட்டிபிலிட்டி என்ற தலைப்பின் கீழ் மெனு கீ கட்டத்தில் சாய்கோடு இருக்கும். அதை அழித்துவிட்டு ஓகே கொடுங்கள்.

இன்னொருவர்:
கை வைக்காமலே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும். நீங்கள் எதையும் தொடாதபோது அதில் ஆல்ட் நிறம் மாறியே இருந்தால், கீ சிக்கியிருக்கிறது அல்லது ஸ்டிக்கி கீஸ் (ஷிஃப்ட், ஆல்ட் போன்றவற்றைத் தட்டினாலே அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும் வசதி) ஆன் ஆகியிருக்கிறது. ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்வி வரும். படிக்காமல் யெஸ் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எழுத்துகளுக்குப் பதிலாக நீலக் கட்டம் சுற்றி நின்று குரலும் கேட்டால் அது நரேட்டர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி. விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் அழுத்தினால் போய்விடும்.

கேட்டவர்:
எஃப்என் எஸ்கேப் வேலை செய்தது! எக்செலிலும் சரியாகிவிட்டது. மொழி மாற்றத்தில் மட்டும் விரல் இன்னும் ஆல்ட்டுக்கே போகிறது. அப்படி வந்துவிட்டால் எஸ்கேப்பைப் பல முறை தட்ட வேண்டியிருக்கிறதே, ஏன்?

பதில்:
எஸ்கேப் ஒரு படி மட்டுமே பின்னால் போகும். மெனுவுக்குள் போய்விட்டால் அத்தனை படியும் திரும்பி வர வேண்டும். ஆல்ட்டையே இன்னொரு முறை தட்டுங்கள், மொத்தமாகப் போய்விடும். அதற்குள் பக்கத்தில் ஏதாவது மாறியிருந்தால் கன்ட்ரோல் இசட் போட்டு மீட்டுக்கொள்ளலாம்.